வண்டியே வீடு, வெயிலே மின்சாரம்: மதுரை வட்டாரத்துக்கான ஓர் அடிப்படை விளக்கம்

ஒரு டெம்போ டிராவலரையோ பழைய பள்ளி வேனையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே படுக்கையும் சமையல் மேடையும் அமைத்து, கூரையில் சோலார் பேனல் பொருத்தி, மின்வாரிய இணைப்போ குழாய்த் தண்ணீர் இணைப்போ இல்லாமல் ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருக்க முடியுமா என்ற கேள்வி இப்போது மதுரைப் பக்கத்திலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர்களும், பணி ஓய்வு பெற்ற தம்பதியரும், ஊர் ஊராகச் சென்று தொழில் செய்பவர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். முடியும் என்பதே பதில். ஆனால் விசாரிக்கிறவர்களில் பெரும்பாலோர் "எத்தனை வாட் பேனல் போட வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டிக்குள் வெப்பத்தை எப்படிக் குறைப்பது என்பது முதல் கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் உண்மையிலேயே தேவை என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பேனலின் அளவு எளிய பெருக்கல் வகுத்தலில் வந்துவிடும்.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. மதுரையிலிருந்து தென்கிழக்கே கமுதியில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையம் 2016ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது என்பதே இந்த வறண்ட நிலத்தில் விழும் ஒளியின் அளவுக்குச் சான்று. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், முழு உச்சி வெயிலுக்கு ஈடான ஒளி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கிடைக்கும் என்று கொண்டு கணக்குப் போடலாம். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களிலும் மறுபடி ஆவணியின் முதல் பாதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சற்றுச் சாய்ந்தும் மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்தும் போகிறது. ஆகவே மொட்டை மாடியில் செய்வதுபோல் பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்க்க வண்டியில் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கூரையில் படுக்கையாகப் பொருத்தினாலே பெரிய இழப்பு இருக்காது, வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறோம் என்பதும் பொருட்டாகாது.

இந்த வெயிலே மறுபக்கத்தில் சிக்கலாகவும் மாறுகிறது. சித்திரை, வைகாசியில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் இரும்புக் கூரை, வெறும் கை வைக்க முடியாத அளவுக்குக் காய்ந்துவிடும். உள்ளே தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் அந்தக் கூரை ஒரு தோசைக்கல்லைப்போல் மாலை வரை வெப்பத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே 40 டிகிரி என்றால் கதவடைத்த வண்டிக்குள் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். இரவிலும் காற்று 27 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் உண்டு. இந்நிலையில் ஏசி போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்புதான், கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் அளவு எடுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட் ஆகிறது. கீழே நாம் பார்க்கப்போகும் ஒரு நாளின் மொத்தச் செலவைப்போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஆகவே வெப்பத்தை மின்சாரத்தால் விரட்டுவதைவிட, அதை உள்ளே விடாமல் தடுப்பதில்தான் பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூரைக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும். உள்ளே கூரைக்கும் பக்கச் சுவர்களுக்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டோ கெட்டியான தெர்மாகோல் வகைப் பலகையோ ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடிக்க வேண்டும். ஒட்டும்போது குறுக்குக் கம்பிகளையும் விட்டுவிடாமல் மூட வேண்டும், ஏனென்றால் மூடாத ஒவ்வொரு கம்பியும் வெப்பம் உள்ளே வரும் வழியாகும். பேனலைக் கூரையோடு ஒட்டவைக்காமல் மூன்று நான்கு அங்குல இடைவெளி விட்டுச் சட்டத்தின் மேல் ஏற்றினால், பேனலே கூரைக்கு நிழலாகிவிடும், இடையில் காற்றும் ஓடும். இது பேனலுக்கும் நல்லது. பேனலின் மேல் எழுதப்பட்டிருக்கும் வாட் அளவு, அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் சில்லுகளின் (செல்களின்) வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது சோதித்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். மதுரை வெயிலில் சில்லுகள் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போய்விடுகிறது, அதாவது 540 வாட் பேனல் 465 வாட் பேனலாகிவிடுகிறது. நல்ல வெயில் அடித்தும் பேனல் முழுத் திறனைக் காட்டவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றும், அதற்கு எதிர்முனையில் தரையை ஒட்டிக் காற்று நுழையும் திறப்பு ஒன்றும் இருந்தால், சூடேறிய காற்று மேலே போய்க் கீழிருந்து புதிய காற்று வரும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதால் பயனில்லை. கொசுவலை அடிக்காத திறப்பை இங்கே யாரும் இரவில் திறந்து வைக்கப்போவதில்லை என்பதால் வலையையும் அப்போதே பொருத்திவிடுவது நல்லது.

இப்போது தேவையின் கணக்குக்கு வருவோம். கணவன் மனைவி இருவர் வாழும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எல்இடி விளக்குகள் மாலை முதல் படுக்கும் வரை 50 வாட்-மணி எடுக்கும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). 30 வாட் மட்டுமே எடுக்கும் பிஎல்டிசி எனப்படும் சிக்கன வகை மின்விசிறி பதினாறு மணி நேரம் ஓடினால் 480. பேட்டரியின் நேர் மின்சாரத்திலேயே (டிசி) ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் நம் ஊர்ச் சூட்டில் 450 வரை கேட்கும். 50 வாட் லேப்டாப் ஐந்து மணி நேரத்துக்கு 250, இரண்டு கைப்பேசிகளுக்கு 30, தண்ணீர் மோட்டாருக்கு 20. இட்லி மாவு இல்லாமல் நம் குடும்பம் ஓடாது என்பதால் டேபிள்டாப் கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் சேர்த்து 120 வைத்துக்கொள்வோம். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் மொத்தத்தில் எடுப்பது மிகக் குறைவுதான். எல்லாம் சேர்ந்தால் 1,400 வாட்-மணி. வயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்கு 15 சதவீதம் கூட்டினால் 1,610, அதாவது நாளொன்றுக்கு 1.6 யூனிட்.

இந்த எண்ணை நம் மின் கட்டண அட்டையோடு ஒப்பிட்டால் அதன் பொருள் சட்டென்று விளங்கும். 60 நாளைக்கு இது 96 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவச அளவைத் தாண்டாமல் குடித்தனம் நடத்தும் எத்தனையோ வீடுகள் செல்லூரிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கின்றன. வண்டி வாழ்க்கைக்குத் தேவையான சிக்கனம் நமக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டில் 101ஆவது யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். வண்டியில் பேட்டரி தீர்ந்துவிட்டால் மறுநாள் வெயில் ஏறும் வரை எந்தப் பணத்தைக் கட்டினாலும் மின்சாரம் வராது.

பேனலுக்கு வருவோம். சூடு, தூசி, பேட்டரியில் ஏறி இறங்கும் இழப்பு எல்லாவற்றையும் கழித்து, போட்ட வாட்டில் 70 சதவீதம்தான் கைக்கு வரும் என்று கொள்வது பாதுகாப்பானது. 540 வாட் பேனல் ஒன்று ஐந்து மணி நேர முழு வெயிலில் 1.9 யூனிட் தரும். கணக்குப்படி அது ஒன்றே போதும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மூடிக்கொண்டு நிற்கும் நாள்களில் இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காமல் போகலாம். முழுநேரமும் குடியிருப்பவர் அந்த நாள்களுக்குத்தான் திட்டமிட வேண்டும். எனவே இரண்டு பேனல் வைப்பதே சரி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் 28 கிலோ எடையும் கொண்டது. நீளவாக்கில் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் நீளமான டிராவலர் கூரையில் அடங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் கூரைக்கு எல்லா மாதமும் ஆடிதான். ஆகவே பசையை மட்டும் நம்பாமல், கூரையின் குறுக்குச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கி, துளைகளைச் சிலிக்கான் சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும். ஆடி மாதம் வேறொரு வேலையையும் கொடுக்கும். அந்தக் காற்றில் படியும் செம்மண் தூசியை வாரம் ஒருமுறையாவது ஈரத் துணியால் துடைத்தால்தான் பேனல் சரியாக வேலை செய்யும்.

நிழல் விஷயத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் வண்டியை மரத்தடியில்தான் நிறுத்துவார்கள். பேனலுக்குள் சில்லுகள் வரிசையாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசை பொதுவாக மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி டயோடுகள் வைக்கப்பட்டிருக்கும். இதனால் உள்ளங்கை அகலமுள்ள நிழல் விழுந்தாலும் ஒரு பகுதி முழுவதும் கணக்கிலிருந்து விலகிவிடலாம். வாடிப்பட்டிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் நிற்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே ஒரு மட்டையின் நிழல் பேனலின் குறுக்கே ஊர்ந்து வரும்போது, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திரையில் 350 வாட் என்று நின்ற எண் கண்ணெதிரே 230க்கு இறங்கும். மட்டை காற்றில் விலகினால் பழையபடி ஏறும், மறுபடி இறங்கும். பேனலின் பரப்பில் நிழல் மறைத்தது பத்தில் ஒரு பங்குகூட இராது.

நிழலில் நின்றால் மின்சாரம் இல்லை, வெயிலில் நின்றால் உள்ளே இருக்க முடியாது என்ற இந்த இழுபறிக்கு நல்ல தீர்வு ஒன்று உண்டு. கூரைப் பேனல்களைத் தவிர, மடக்கக்கூடிய 200 வாட் பேனல் ஒன்றைப் பத்து மீட்டர் வயரோடு தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சிறிய கன்ட்ரோலரும் வேண்டும். கோடையில் வண்டி புளியமரத்தடியில் நிற்கட்டும், அந்தப் பேனல் வெயிலில் கிடக்கட்டும். அது மட்டுமே முழுத் தேவையையும் தந்துவிடாது, ஆனால் காலையிலும் மாலையிலும் நிழல் விலகும் நேரத்தில் கூரையில் கிடைப்பதோடு சேர்ந்து, மின்விசிறிக்கும் விளக்குக்கும் கைப்பேசிக்கும் உரியதை ஈட்டிவிடும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருப்பது சார்ஜ் கன்ட்ரோலர். இதில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை உண்டு. முதலாவது விலை குறைவு என்பதால் பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். 540 வாட் பேனல் சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் வகை பேனலின் வோல்ட்டைப் பேட்டரியின் அளவுக்கே இழுத்துவிடுவதால், 12 வோல்ட் பேட்டரிக்கு அதன் வழியே போவது 13 வோல்ட்டும் 13 ஆம்பியரும்தான், அதாவது 170 வாட். மூன்றில் இரண்டு பங்கு வீண். எம்பிபிடி வகை கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கிறது. இரண்டு பேனல்களைத் தொடராக இணைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமை இல்லாதபோது ஒரு பேனல் 49 வோல்ட் வரை காட்டும், இரண்டும் சேர்ந்தால் 98. குளிரில் இந்த வோல்ட் ஏறும். மதுரையில் 100 வோல்ட் கன்ட்ரோலரோடு ஒழுங்காக ஓடிய அமைப்பு, கொடைக்கானலில் ஒரு பனிக்கால விடியலில் அந்த எல்லையைத் தாண்டிக் கன்ட்ரோலரை எரித்துவிடக்கூடும். 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலரை வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

கண்மாய்க்கு வரத்துக்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், கண்மாய் சிறிதாக இருந்தால் மழைக்குப் பிந்தைய மாதங்களில் பயனில்லை. பேட்டரிக்கும் பேனலுக்கும் உள்ள உறவும் அத்தகையதே. வீட்டு இன்வெர்ட்டர்களில் நாம் பார்த்துப் பழகிய 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி 12 வோல்ட்டில் 1.8 யூனிட் கொள்ளும், ஆனால் அதைப் பாதிக்குக் கீழே தினமும் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். அது 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும், ஆகவே படுத்துறங்கும் அடைபட்ட இடத்தில் வைக்கவே கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 25.6 வோல்ட் (வழக்கில் 24 வோல்ட் என்பார்கள்), 100 ஏஎச் பேட்டரி 2.56 யூனிட் கொள்ளும். அதில் 2.2 யூனிட் வரை தயங்காமல் எடுக்கலாம். எடை 25 கிலோ அளவுதான், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும். விலை கூடுதல் என்றாலும் முழுநேரக் குடியிருப்புக்கு இதைத் தவிர வேறொன்றை என்னால் பரிந்துரைக்க முடியாது. மழைக்காலத்துக்கு இரண்டு பேட்டரி இருந்தால் நிம்மதி. ஒரே நிபந்தனை, இதற்கும் சூடு ஆகாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 45 முதல் 55 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்கிறார்கள். அதனால் கூரைக்கு அருகிலோ, வெயில் விழும் பின்கதவை ஒட்டியோ வைக்காமல், தரைமட்டத்தில் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

24 வோல்ட் அமைப்பைப் பரிந்துரைப்பதற்கும் காரணம் உண்டு. 1,500 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டில் 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 24 வோல்ட்டில் அது பாதியாகிறது. ஆம்பியர் குறைந்தால் வயர் சூடேறுவதும் குறையும். வண்டி வீடுகளில் தீப்பிடிக்க முதன்மையான காரணங்களில் ஒன்று, மெல்லிய வயரும் தளர்ந்த முனையும்தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சரியான ஆம்பியருக்கு ஃபியூஸ் போடாமல் ஒரு நாளும் அதில் படுத்துறங்கக் கூடாது. வீட்டு வயரிங்கில் அனுபவமுள்ளவர்களில் பலருக்கு டிசியின் கனமான ஆம்பியர் பழக்கமில்லை என்பதால், சோலார் வேலையோ பேட்டரி ஆட்டோ வேலையோ தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு முனைகளை அழுத்திப் பொருத்துவது நல்லது.

இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரத்தைப்போல் சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், இல்லையேல் கிரைண்டர் மோட்டார் உறுமும், சூடேறும். எந்தக் கருவியும் ஓடாதபோதுகூட இன்வெர்ட்டர் 20 வாட் அளவு தின்றுகொண்டிருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் அணைக்காமல் விட்டால் அதுவே கிட்டத்தட்ட அரை யூனிட். மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ் மூன்றையும் நேராக டிசியில் ஓட்டிவிட்டு, மாவாட்டும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு அணைக்கும் பழக்கம் ஒரு பேட்டரி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். மாவாட்டுவதையும் லேப்டாப் சார்ஜ் ஏற்றுவதையும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே வைத்துக்கொண்டால், பேனலில் வருவது பேட்டரிக்குள் போகாமலே செலவாகும். காலை ஆறு மணிக்கு மிக்ஸி போடும் நம் சமையலறை வழக்கத்தை மாற்றிக்கொள்வதுதான் இதில் உண்மையான சிரமம் என்று நினைக்கிறேன்.

தினசரி சமையலுக்குச் சிறிய எரிவாயு சிலிண்டரே நடைமுறைக்கு ஏற்றது. இண்டக்ஷன் அடுப்பு ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் மின்சாரத்தைத் தின்றுவிடும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறையின் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் இருக்க வேண்டும், கசிவு எச்சரிக்கைக் கருவியும் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, ஒருவர் நாளுக்கு 20 லிட்டரில் குளித்துச் சமைக்கப் பழகினால் இருவருக்கு 120 லிட்டர் தொட்டி மூன்று நாள் வரும். அது 120 கிலோ எடை என்பதை மறக்காமல், இரண்டு சக்கர வரிசைகளுக்கும் நடுவில் தொட்டியை அமைக்க வேண்டும். கழிவறைக்கு, கழற்றி எடுத்து ஊற்றக்கூடிய பெட்டி வகை கிடைக்கிறது. அதைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கொட்டுவது பெருங்கேடு. பொதுக் கழிப்பறையிலோ தெரிந்தவர் வீட்டிலோதான் காலி செய்ய வேண்டும்.

நிறுத்துமிடம் கிடைப்பதுதான் பலருக்குக் கடைசியில் பெரிய வேலையாகிறது. அழகர்மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்துவிட்டால் சக்கரம் இறங்கிவிடும். தோப்பு, தோட்டம் வைத்திருப்பவரிடம் முறையாகக் கேட்டு, சிறு வாடகையும் பேசிக்கொண்டு நிறுத்துவதே மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். கத்திரி வெயிலில் மலைக்குப் போய்விடலாம் என்பது வண்டி வீட்டின் பெரிய வசதி. ஆனால் கொடைக்கானலுக்கு வெளியூர் வாகனங்கள் செல்ல, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதைக் கவனித்துத் திட்டமிட வேண்டும். மலையேறும் மூன்று மணி நேரப் பயணத்தில், வண்டி ஓடும்போது உண்டாகும் மின்சாரத்தை வீட்டுப் பேட்டரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் வைத்திருந்தால் இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்தே ஒரு யூனிட் வரை ஏறும். மழைக்காலத்தில் இது கைகொடுக்கும்.

சட்டத்தை வண்டி வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போடுவது இந்த வரம்புக்குள் வரக்கூடிய மாற்றமே. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு, சான்றிதழில் மாற்றத்தைப் பதிய வழியுண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டித்தரும் அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் போவது செலவு கூடினாலும் தலைவலி குறைந்த வழி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துப் பாலிசியில் குறிக்கச் செய்ய வேண்டும். இல்லையென்றால் விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வங்கிக்கும் நிலையான முகவரி தேவை என்பதால், பெற்றோர் வீட்டு முகவரியையோ சொந்த ஊர் முகவரியையோ விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும் வீட்டைக் காலி செய்ய அவசரப்பட வேண்டாம். கத்திரி வெயிலில் ஒரு வாரமும், ஐப்பசி மழையில் ஒரு வாரமும் வண்டியிலேயே இருந்து பார்க்க வேண்டும். தினமும் மாலை ஆறு மணிக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கும் பேட்டரியின் சதவீதத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரவுச் செலவு, காலை முதல் மாலை வரை ஏறியது பகல் வரவு. மழை வாரத்தில் தொடர்ந்து மூன்று காலைகளில் சதவீதம் 30க்குக் கீழே நின்றால், பேனலைக் கூட்டுவதற்கு முன் ஃபிரிட்ஜின் குளிர் அளவைக் குறைத்தும் இன்வெர்ட்டரை அணைத்து வைத்தும் மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகும் எண் மாறாவிட்டால் இரண்டாவது பேட்டரிக்கு இடம் ஒதுக்குங்கள்.